பரண்மேல் ஓர் ஓடம்

நம் அரசுக் குடியிருப்பின் பரணில் மூன்று பொருள்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று கொலுப் பொம்மைப் பெட்டி. மற்றொன்று ஊருக்குப் புறப்படும்போது மட்டும் கீழே இறங்கும் பெரிய சூட்கேஸ். மூன்றாவது பதினாறு கிலோ எடையுள்ள நீலநிறப் பை. அப்பைக்குள் ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால் வந்த விருந்தினர் சிரிக்கிறார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் குமாஸ்தாவுக்குப் படகு எதற்கு என்று வெளிப்படையாகவே கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடையை இம்மலரில் எழுதிவிடலாம் என்று துணிந்தோம்.

நாம் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர். குறுக்குத்துறைப் படிகளில் எந்த வயதில் நீந்தக் கற்றோம் என்பது நினைவில்லை; நடக்கக் கற்ற நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2023 கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, புனேயில் பிறந்து வளர்ந்த நம் மகளை அதே படித்துறைக்கு அழைத்துப் போனோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நீர் தொடும் படிக்கு முந்திய படியில் நின்றவள் இறங்க மறுத்துவிட்டாள். “அடியில என்ன இருக்குன்னு தெரியலையே, அப்பா” என்றாள். பேத்திக்கு நீச்சல் காட்ட ஆசையோடு வந்திருந்த நம் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டு கரையேறிவிட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. குழாயையும் தண்ணீர் லாரியையும் தவிர வேறு நீர் அறியாத பிள்ளைகளை வளர்த்துவிட்டோமே என்ற எண்ணம், திரும்பிவரும் இரயில் பயணம் முழுவதும் உடன்வந்தது.

புனேயைச் சுற்றி நீருக்குப் பஞ்சமில்லை. கடக்வாஸ்லா, பான்ஷேத், முள்ஷி, பவனா என்று அணைகள் சூழ்ந்த ஊர். ஆனால் மனைவி இலேசில் இணங்கவில்லை. அவளுக்குக் காரணமும் இருந்தது. 2024 ஜூன் 30 அன்று லோனாவளாவில் பூசி அணைக்கு அருகே உலாவச் சென்ற ஒரு குடும்பத்தின் ஐந்து பேரை வெள்ளம் அடித்துச் சென்றதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர்களும் புனேக்காரர்கள், நம்மைப்போலவே ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவர்கள். ஆகவே, பிள்ளைகள் இருவரும் முதலில் நீச்சற்குளத்தில் முறையாகப் பயில வேண்டும், மழைக்காலத்தில் எந்த அணைப்பக்கமும் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்னும் இரு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு இறுதியில் அகவிலைப்படி நிலுவை கைக்கு வந்தது, கயாக் வாங்கினோம்.

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டை ஓடம். கடல்நாயின் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்துச் செய்வார்கள். இருமுனைத் துடுப்பால் செலுத்துவார்கள். காற்றடைத்து மிதக்கும் கலையும் புதிதன்று. பஞ்சாப், இமாசல ஆறுகளை ஊதிய எருமைத் தோலின்மேல் குப்புறப் படுத்துக் கடந்திருக்கிறார்கள். 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி தைத்தார். அணிந்தால் அங்கி, ஊதினால் படகு, கையிலுள்ள குடையே பாய். இம்மூன்றின் வழித்தோன்றல்தான் நம் பரண்மேல் இருப்பது. புணை, அம்பி, தோணி, தெப்பம், பரிசல் என்று மிதப்பவற்றுக்குப் பெயர் அடுக்கிய மொழி நம்முடையது. இதற்கு நம் மகன் வைத்த பெயர் ஊதுபடகு.

வாங்கும்போது விலையைத்தான் முதலில் பார்த்தோம். எடைக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும். இருவர் அமரும் நம் படகு தாங்கும் எடை 180 கிலோ என்று அச்சிட்டிருந்தது. நாம் 78, மனைவி 61, மகள் 34, மகன் 24. கூட்டினால் 197. சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் இக்கணக்கில் இல்லை. பேரேட்டில் பத்துப் பைசா வேறுபாட்டைத் தேடி மாலை ஆறு மணி தாண்டியும் உட்கார்ந்திருக்கும் நாம், இந்தக் கூட்டலைப் படகு வீட்டுக்கு வந்தபின்தான் போட்டோம்! அச்சிட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஏற்றாமலிருப்பதே நல்லது. அளவு மிகுந்தால் படகு மூழ்காவிட்டாலும் அடி தாழ்ந்து, திரும்ப மறுத்து, சிற்றலைக்கும் நீர் ஏற்கும். ஆகவே நம் ஓடத்தில் பெரியவர் ஒருவர், சிறியவர் ஒருவர் என்று முறைவைத்துச் செல்கிறோம்.

இவ்வோடங்களில் இருவகை உண்டு. மலிவானது மெல்லிய வினைல் தாளால் ஆனது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டை ஒட்டிய அழுத்தமே அதற்குப் போதும். இருவர் அமர்ந்தால் நடுவே கட்டில்கயிறுபோல் தொய்யும். மற்றொரு வகையில் அடித்தளத்தின் மேலுறையையும் கீழுறையையும் ஆயிரக்கணக்கான நூலிழைகள் இணைத்திருக்கும். 8 முதல் 10 பவுண்டு வரை காற்றேற்றினால் பலகைபோல் விறைத்து நிற்கும், விலையும் விறைப்பானதுதான். நம்முடையது முதல் வகை. அமைதியான ஏரியில் கரையோரம் செல்ல அது போதும் என்பது இப்போதும் நம் கருத்து. எந்த வகையாயினும் காற்றறைகள் தனித்தனியே இருக்க வேண்டும். இரு பக்கத்துக்கு ஒவ்வொன்றும் அடிக்கு ஒன்றும் என மூன்றாவது இருந்தால், ஒன்று பழுதானாலும் மற்றவை கரைசேர்க்கும். அடிப்புறத்தின் பின்கோடியில் பொருத்தும் சிறு செதில் ஒன்றும் உடன்வரும். கைப்பிடியளவே உள்ள அத்துண்டை அற்பமாகக் கருதி நாம் வீட்டிலேயே விட்டுச் சென்றோம். அதன் விலை பின்னர் தெரிந்தது.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. துங், திகோனா, லோஹகட் கோட்டைகள் சூழ நிற்கும் பவனா அணையின் மேற்குக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், இறங்கத் தடையில்லை என்று கேட்டறிந்தபின் படகை ஊதினோம். காலையில் நீர் கண்ணாடி. மகள் முன்னிருக்கையில் அமர்ந்து முதன்முறையாக ஆழத்தை எட்டிப் பார்த்தாள். படியில் நின்று அஞ்சிய அதே பெண்! உச்சிப்பொழுதில் படகைக் கரையில் இழுத்துப்போட்டுச் சாப்பிட்டோம். வெயிலில் உள்காற்று விரிந்து படகு பறைபோல் விறைத்தது. தையல் தெறித்துவிடும் என்று அஞ்சிக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டோம். அது சரியான செயலே. மீண்டும் குளிர்நீரில் இறக்கியதும் காற்று சுருங்கும், அழுத்திப் பார்த்து நிரப்ப வேண்டும் என்பதை மறந்ததுதான் பிழை.

இரண்டு மணிக்குமேல் மலைத்தொடரிலிருந்து மேல்காற்று இறங்கிற்று. கரையில் நிற்பவருக்கு அது இதமான காற்று. முதுகில் வாங்கும் ஊதுபடகுக்கு அது எசமானன். நீருக்குள் ஒரு சாணும் நீருக்குமேல் இரண்டு சாணுமாக நிற்கும் இவ்வோடம் சருகுக்குச் சமம். திரும்பலாம் என்று நாம் துடுப்பிட, செதிலில்லாத படகு ஆட்டுக்கல் குழவிபோல் நின்ற இடத்திலேயே சுற்றியது. பக்கவறை தொய்ந்து மடங்கியது. இருபது நிமிடம் முழுவலிமையோடு வலித்தும் மனைவி நின்ற கரை விலகிக்கொண்டே போயிற்று.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை வாங்கும்போது மிகக் கவனமாக இருந்தோம்: அவரவர் எடைக்கேற்ற அளவு, கால்களுக்கிடையே செல்லும் வார், தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் முகவாய் உள்ளே நழுவாத பொருத்தம் எல்லாம் பார்த்தோம். நமக்கும் ஒன்று வாங்கியிருந்தோம். ஆற்றில் வளர்ந்தவர் என்ற அகந்தையில் அதை இருக்கையில் மெத்தையாகப் போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தோம். கரையிலிருந்த மனைவி அதைக் கண்டுவிட்டாள் என்பது நமக்கு அப்போது தெரியாது.

மகள்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “எதுக்குப்பா அந்தக் கரைக்கே போகணும்? காத்து போற கரைக்குப் போயிடலாமே.” நமக்குத் தோன்றவில்லை. துடுப்பை நேராக்குவதற்கு மட்டும் பயன்படுத்தி, காற்றோடு சென்றோம். நடுவே எழுந்திராமல், அசையாமல், தொய்ந்த பக்கவறையை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி அவள் அமர்ந்திருந்தாள். அரைமணி கழித்து எதிர்க்கரைச் சேற்றில் தட்டினோம்.

அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தம் கைப்பேசியைக் கொடுத்து உதவினார். நம் அரைகுறை மராத்தியைப் பொறுத்துக்கொண்டு தேநீரும் தந்தார். நாம் சுற்றிச் சுற்றி வந்த நீர்ப்பரப்பைக் காட்டி, தம் தகப்பனாரின் நெல்வயல் அங்கேதான் அடியில் கிடக்கிறது என்றார். 1972-இல் முடிந்த அணை அது. அடியில் என்ன இருக்கிறது என்று குறுக்குத்துறையில் கேட்டவள், இப்போது வாயடைத்து அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் தோளில் சுமந்து ஏரியைச் சுற்றியும், கிடைத்த டெம்போவில் ஏறியும் வந்துசேர இருட்டிவிட்டது.

மனைவி கடிந்துகொள்ளவில்லை. மகளை அணைத்துக்கொண்டபின் நம்மிடம் ஒன்றே கேட்டாள்: “அவளுக்கு மட்டும் போட்டுவிட்டீங்களே, நீங்க இல்லாம அவள் கரைக்கு எப்படி வருவாள்னு நினைச்சீங்க?” இன்றுவரை விடையளிக்க முடியவில்லை.

படகை விற்றுவிடுவது என்று தீர்மானித்து ஒரு மாதம் பரணில் போட்டோம். ஈரத்தோடு சுருட்டியதால் பூசணம் பிடித்தது. மொட்டைமாடி நிழலில் உலர்த்தும்போதுதான் பக்கவறையில் ஊசிமுனையளவு துளை தெரிந்தது. சோப்புநீர் தடவினால் குமிழ் வரும். மிதிவண்டிக் கடைப் பசை இதில் நிலைக்காது, பி.வி.சி.க்கு உரிய பசையும் ஒட்டும் வேண்டும். ஒட்டியவள் மகள்.

இப்போது காலை ஆறரைக்கு இறங்குகிறோம், பதினொன்றுக்கு ஏறுகிறோம். செதில் முதலில் பைக்குள் போகிறது. கரைக்குக் கரை போகும் ஆசை விட்டது. கரையோரமாகவே வளைந்து செல்கிறோம். சென்ற ஜனவரியில் மனைவி முதன்முறையாக முன்னிருக்கையில் அமர்ந்தாள். அமருமுன் நம் மிதவைச் சட்டையின் வார்களைத் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறை மகள் இழுத்துப் பார்த்தாள்.