மணல் மேட்டில் ஒரு காடு



எங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன பழைய மாணவன் ஒருவனின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். பழைய ஈய லம்பத்து மணலில் எழுந்த குடியிருப்பு அது.

"முருங்கைக் கொம்பு நட்டாலும் காய்ஞ்சு போகுது சார். இது செத்த மண்ணு," என்றார் அவன் தாயார்.

பதில் சொல்வதைவிடக் காட்டுவதே மேல் என்று எண்ணினேன். பள்ளி விடுமுறையில் அக்குடும்பத்தைக் கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

உள்ளே நுழைந்ததும் வெயில் மறைந்தது. கப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்! ஒன்றின் கிளை மற்றொன்றைத் தொடாது. இடையே வானம் ஓடை போல் தெரியும்.

"ஆதிகாலத்துக் காடுங்களா சார்?" என்றார் அந்த அம்மா.

இல்லை, மனிதர் நட்ட காடு! 1920-களில் இங்கிருந்தவை கைவிடப்பட்ட ஈய லம்பம், காய்கறித் தோட்டம், லாலான் புல். 1926-இல் ஃபாக்ஸ்வொர்த்தி என்ற வன அதிகாரி இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1929-இல் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. 2025-இல் இக்காடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மண் ஏன் சாகிறது? லம்பத்தில் மண்ணை நீரால் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். மேல்மண்ணும் அதிலிருந்த மக்கும் போயின. எஞ்சிய மணலில் நீர் தங்காது; நண்பகலில் கால் வைக்க முடியாது.

இதற்கு மருந்து நாம் அறிந்ததுதான். கித்தாக் கன்றுகளுக்கிடையே மூடுபயிர்க் கொடி படரவிட்டது நினைவிருக்கிறதா? அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும். உதிரும் இலை மக்காகும். பழம் உதிர்த்த செம்பனைக் குலைகளை மரத்தடியில் பரப்புவதும் இதற்கே.

ஓர் எச்சரிக்கை! சில லம்ப நிலங்களில் ஆர்செனிக் என்ற நஞ்சு தங்கியிருக்கலாம். உண்ணும் பயிரிடுமுன் விவசாய இலாகாவை விசாரியுங்கள்.

அந்த அம்மா இப்போது குழி வெட்டிச் சருகும் காய்கறிக் கழிவும் மக்க வைத்து, முருங்கைக்குப் பதில் வேப்பங்கன்று நட்டிருக்கிறார். சென்ற வாரம் அது துளிர் விட்டிருந்தது.

கெப்போங் காடு வளர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. உங்கள் வாசலில் ஒரு மர நிழலுக்குச் சில ஆண்டுகள் போதும். இன்றே ஒரு குழி வெட்டுங்களேன்!