பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் எந்த ஆலயத்துக்குள் போனாலும் சுவரில் சலவைக்கல் பலகைகள் இருக்கும். அடிக்கல் நாட்டியவர் பெயர், பிரதிஷ்டை செய்தவர் பெயர், கோபுரம் கட்டிக்கொடுத்த குடும்பத்தின் பெயர். மின்விசிறியிலும் பெஞ்சின் முதுகிலும்கூடப் பெயர்களைக் காணலாம். கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. கொடுக்கிற மனம் பெரியது. ஆனால் இந்த ஆலயங்களில் பலவும் பனையேறியின் வியர்வையில் எழும்பியவை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுவந்து கொட்டிய பெண்களின் காணிக்கையில் வளர்ந்தவை. அந்தப் பனையேறியின் பெயரும் அந்தப் பெண்களின் பெயரும் எந்தக் கல்லிலும் கிடையாது. அதனால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்று சொல்லத்தான் இந்த வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லூக்கா சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில், ஊர் ஊராக அனுப்பப்பட்ட எழுபது பேர் திரும்பி வருகிறார்கள். பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்பட்டதாகச் சொல்லி மகிழ்ச்சியில் பொங்குகிறார்கள். செய்த ஊழியம் உண்மை, கிடைத்த பலனும் உண்மை. ஆனாலும் ஆண்டவர் அவர்களுடைய மகிழ்ச்சியை வேறு பக்கம் திருப்புகிறார். நீங்கள் செய்து முடித்ததற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார். சிறு வயதிலிருந்து இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். மனத்தாழ்மை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தன் பெயர் அங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவர் உண்மையாகவே நம்பிவிட்டால், இங்கே அதை எழுதிக்கொள்ளும் பதற்றம் தானாகக் குறைந்துவிடும். பரலோக நம்பிக்கை உள்ளே இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்மையாக நடக்க முயல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெகுநாள் நிற்பதில்லை. ஏதோ ஒரு கூட்டத்தில் நாற்காலி முன்வரிசையில் போடப்படாத அன்றைக்கு அது உடைந்துவிடுகிறது.

பரலோகத்தையே நினைத்துக்கொண்டிருப்பவனால் பூமிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொல்லிமலையில் வாழ்ந்த ஈவ்லின் பிராண்டு அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன்.

1879-இல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம், ஓவியம் தீட்டத் தெரிந்த பெண். 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டு என்ற மிஷனரியை மணந்து கொல்லிமலை ஏறினார். மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன இடம் அது. இருவரும் அங்கே வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். சுவிசேஷம் சொன்னார்கள். கேட்டவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, வருடங்கள் ஓடின. 1918-இல் உலகத்தையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. அதுவரை அவர்களை எதிர்த்துவந்த கோயில் பூசாரி சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை இவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். ஊரார் பயந்து ஒதுங்கிய நேரத்தில் வீட்டு வாசலுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மலைமக்களின் மனம் இவர்கள் பக்கம் திரும்பியது.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். அந்தப் பக்கத்து ஐந்து மலைகளிலும் ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. ஒரு மலையிலேயே ஜெஸ்ஸியின் ஆயுசு முடிந்துவிட்டது. அம்மையார் ஊழியத்தைத் தொடர்ந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் சங்கம் அவரை ஓய்வுபெறச் சொன்னது. இன்னும் ஒரு வருஷம் மட்டும் என்று கேட்டு வாங்கினார். அந்த வருஷம் முடிந்து பிரிவுபசாரம் நடந்தபோது, நான் ஊருக்குப் போகப்போவதில்லை, மறுபடியும் மலைக்கே போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு சங்கத்தின் சம்பளமும் பதவியும் இல்லை. சிறு குடிசை ஒன்று, ஏறிப்போக ஒரு மட்டக்குதிரை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று ஊர் ஊராகப் போனார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, நடை தளர்ந்தது. இரண்டு கைகளிலும் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

மலையில் நரம்புச் சிலந்தி நோய் மிகுதியாக இருந்தது. அசுத்தமான தண்ணீரைக் குடிப்பதால் உடம்புக்குள் நீளமான புழு வளர்ந்து, மாதக்கணக்கில் ஆளை முடக்கிப்போட்டுத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் கொடுமை அது. கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினால், நோயாளியின் கால் தண்ணீரில் படாது. அப்படிப் படாவிட்டால் புழுவின் குஞ்சுகளும் தண்ணீரில் சேராது. இதை ஊர் ஊராகச் சொல்லிச் சுவர் எழுப்ப வைத்தவர்களில் இந்த அம்மையாரும் ஒருவர். பரலோகத்தின் மேல் கண்ணை வைத்திருந்த கிழவிக்குத்தான் கிணற்றடியில் கால் கழுவுகிறவனின் புண் தெரிந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. தன்னைப் பற்றிய கவலை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அடுத்தவன் கண்ணில் படுகிறான்.

அவருடைய மகன் பால் பிராண்டு வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர். தாயைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி என் மனதில் தங்கிவிட்டது. வயதான காலத்தில் அந்த அம்மாள் தன் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். வெயிலும் காய்ச்சலும் முகத்தை எப்படிச் சுருக்கின என்று பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை, தேவையுமில்லை. 1974-இல், 95-ஆம் வயதில் காலமானார். பெட்டிகூட வேண்டாம் என்பது அவர் விருப்பம். வெறும் துணியில் சுற்றிக் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் மலைமண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளமையில் பணத்தின் மேல் ஆசை வரும், நடுவயதில் பதவியின் மேல் வரும். அவை ஓய்ந்தபிறகு மரியாதையின் மேல் ஒரு பசி வருகிறது, முதுமையில் நம்மைத் தின்பது அதுதான். கல்யாண வீட்டில் ஜெபம் செய்ய நம்மைக் கூப்பிடவில்லையே என்ற வருத்தம். அசனப் பண்டிகையில் சால்வை போர்த்தும்போது நம் பெயர் விட்டுப்போனதற்கு மாதக்கணக்கில் மனத்தாங்கல். மகனும் மருமகளும் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வது. இவற்றை நம் உரிமை என்று நினைக்கிறோம். பந்திக்குப் போனால் தாழ்ந்த இடத்தில் போய் உட்கார் என்று ஆண்டவர் சொன்னது இளைஞர்களுக்கு மட்டும் சொன்னது அல்லவே. நரைத்த தலைக்கும் அது பொருந்தும். நமக்குத்தான் இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பேன்.

மரியாதையைத் தேடாமல் வாழ்ந்தவர்களில், கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் 1806-இல் ஊழியம் தொடங்கிய ரிங்கல்தௌபே ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பிய மகராசன் வேதமாணிக்கம் அவரை வருந்தி அழைத்ததால் வந்தவர். கையில் கிடைத்த சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நல்ல அங்கிகூட இல்லாமல் திரிந்தார். பத்து வருட ஊழியத்துக்குப் பின் உடல்நலம் கெட்டு, சபையை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு 1816-இல் கப்பலேறினார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கே இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள், ஒன்றும் தெரியாது. அவருக்குக் கல்லறை இல்லை. ஆனால் அவர் தொடங்கிவைத்த தென்திருவிதாங்கூர் சபைகள் இருக்கின்றன.

களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். அதிலிருந்து ஏறக்குறைய இருபது வருடங்கள் படுக்கையோடு இருந்தார். அந்தப் படுக்கையிலிருந்தபடியேதான் பல புத்தகங்களை எழுதினார். 1951-இல் மறைந்தபோது தன் கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் நடந்த மண்ணில்தான் நம் திருச்சபைத் தேர்தல்களும் நடக்கின்றன. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கமிட்டி உறுப்பினர் பதவிக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிந்த வீடுகள் உண்டு. ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து எடுத்தவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள். காணிக்கைப் பணம் வக்கீல் கட்டணமாகிறது. பெரிய வியாழன் அன்று சீஷர்களுடைய கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு, ஆலய வாசலிலேயே ஓட்டுக் கணக்குப் பார்க்கிறோம்.

இதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிறது. பரலோகத்தில் ஒரே சிங்காசனத்துக்கு முன்னால் நிற்கப்போகிறோம் என்று பாடுகிறவர்கள், மண்ணுக்குள் போகும்போது பக்கத்தில் யார் கிடக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கண்டிப்பாக எழுதினார். அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. சாதிப் பெருமை வைத்திருக்கிற மனிதன் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வரலாம், தசமபாகம் கொடுக்கலாம், உபவாசம் இருக்கலாம். ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் பரிசேயனும் இவை எல்லாவற்றையும் செய்தவன்தான். நீதிமானாக வீட்டுக்குத் திரும்பிப் போனது, தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்.

தாழ்மை என்றால் அநியாயத்துக்குத் தலையாட்டுவது என்று எண்ணிவிடக் கூடாது. தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து நீ தாழ்மையாக இரு என்று உபதேசம் செய்வது, உபதேசம் செய்கிறவனுக்கு வசதியான பாவம். இறங்கி வர வேண்டியவன் உயரத்தில் இருப்பவன். தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது உயரத்திலிருந்து இறங்கி வந்தவரைப் பற்றித்தான்.

என் மனைவி எனக்கு முன்னே ஆண்டவருக்குள் நித்திரையடைந்துவிட்டாள். கடைசி நாட்களில் மருத்துவமனையில் கிடந்தபோது அவளுக்கு வலி அதிகம். இரவில் ஜெபம் செய்வதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். வார்டைக் கூட்டித் துடைக்க வந்த பெண்ணின் மகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி முதலில் ஜெபிப்பாள். பிறகு எதிர்க்கட்டிலில் இருந்தவரின் பெயர், இரவு வேலை பார்த்த நர்சின் பெயர். தன் வியாதி கடைசியில்தான் வரும், பல நாள் அதற்கு முன்பே தூங்கிவிடுவாள். சாவைப் பார்த்து அவள் பயப்படவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பயம் வந்து போனது. ஆனால் போகிற இடத்தைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதனால் தன்னைவிட்டுப் பிறரை நினைக்க அவளுக்கு அங்கேயும் மனதில் இடமிருந்தது. உயிர்த்தெழுதலின் நாளில் அவளைக் காண்பேன் என்று விசுவாசிக்கிறேன். இந்த விசுவாசம் இல்லாமல் என்னால் காலையில் எழுந்திருக்க முடியாது.

வாசிக்கிற உங்களிடம் சில காரியங்கள் கேட்கிறேன். அடுத்த முறை ஆலயத்துக்கு ஏதாவது கொடுக்கும்போது, பெயர் போட வேண்டாம் என்று பொருளாளரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உங்கள் சபையில் யாரும் வீட்டுக்குப் போய்ப் பார்க்காத ஒரு விதவையோ, படுக்கையில் கிடக்கிற ஒரு முதியவரோ நிச்சயம் இருப்பார். இந்த வாரமே போய்ப் பாருங்கள், போனதை வெளியே சொல்லாதீர்கள். மனத்தாங்கலில் பேசாமல் இருக்கும் உறவுக்காரர் இருந்தால் முதலில் நீங்களே போனை எடுத்துக் கூப்பிடுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால், அதை இடிக்க வேண்டும் என்று அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள்.