ஸ்டெப்னியில் தங்கிய வெள்ளை

ஆயுத பூசைக்கு முந்தின நாள் எங்கள் நாமக்கல் வீட்டு வாசலில் பொரி வாசத்தை முந்திக்கொண்டு பெட்ரோலும் எனாமலும்தான் மணக்கும். சித்தப்பாவின் லாரி அன்றைக்கு மட்டும் லோடு ஏற்றாமல், குளத்திலிருந்து ஏறிவந்த எருமை மாதிரி ஈரம் சொட்டச் சொட்ட வேப்பமரத்தடியில் நிற்கும். தேங்காய் நாரில் சோப்புத்தூளைத் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, நாலு மாநிலத்துச் சேறும் எங்கள் வாசலில் கரைந்தோடிய பிறகு, கிளீனர் அண்ணன் பெட்ரோல் துணியால் டயரின் எழுத்துகளை ஒரு தரம் துடைப்பார். பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாதாம்.

பள்ளி ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய தலைக்கனத்தில் நான் பிரஷ் கேட்டேன். கைக்கு வந்தது பழைய பனியன் கிழிசல். அதை விரலில் சுற்றி, டப்பா மூடியில் ஊற்றிய வெள்ளையில் ஒற்றியெடுக்க வேண்டும்.

“ஏங்கண்ணு, நீ என்னத்துக்கு எழுதறே? எழுத்துதான் டயர்லயே எந்திரிச்சு நிக்குதே. சும்மா தொட்டுட்டு வா.”

பழகுவதற்குக் கீழே கிடந்த ஸ்டெப்னியைக் காட்டினார். (ஸ்டெப்னி என்பது வேல்ஸில் ஒரு தெருவின் பெயர் என்று பிற்பாடு படித்தேன், எனக்கு அது இன்றைக்கும் சுத்தமான நாமக்கல் சொல்தான்.) எம் தப்பித்தது. ஆர் வயிற்றில் பெயிண்ட் நிறைந்து பொட்டலமாகிவிட்டது. எஃப்பைச் சுற்றி என் கைரேகை. 10.00-20 என்ற அளவையும் விடவில்லை, சைபரெல்லாம் கோழிமுட்டை.

பொழுதோடு பின்சக்கரத்துக்கு வந்தபோது கை பழகியிருந்தது. உள்பக்கத்து டயர் இரண்டையும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். தலைகீழாக நின்ற எழுத்துகளுக்காக டிரைவர் அண்ணன் வண்டியை அரைச்சுற்று நகர்த்தித் தருவார். அவர் டீ குடிக்கப் போனால் நான் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

மறுநாள் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எலுமிச்சம்பழம் ‘பொதக்’கென்று நசுங்க வண்டி உருண்டதும், என் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெள்ளை வளையமாகிவிட்டன. டாக்டர் வீட்டு அம்பாசடரின் வெள்ளைப் பட்டை டயர் போலவே! தெரு முனைவரை பின்னாலேயே ஓடினேன்.

கல்கத்தா போய்த் திரும்பிய வண்டியில் எழுத்துகள் வறண்ட குட்டைபோல் வெடித்து உதிர்ந்திருந்தன. ரப்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் பிதுங்கி நிமிரும். காய்ந்த எனாமல் அப்படி வளையாது. அழாத குறையாக வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சங்கிலியில் தொங்கிய ஸ்டெப்னியில், தூசிக்கு நடுவே, அந்தப் பொட்டல ஆர் மட்டும் பளிச்சென்று இருந்தது.