புதிய ஏடும் பழைய கணக்கும்

கப்பலேறி வந்து நாடுகளை ஆண்ட இனத்தாரின் மொழியிலே, தொடக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பலவற்றில் கடலுப்புக் கரிப்பது வியப்பன்று. ஒரு காரியத்தில் இறங்குவதை அவர்கள் ‘எம்பார்க்’ என்பர். மரக்கலத்தில் ஏறுதலே அதன் முதற்பொருள். புதிய திட்டமொன்றை ‘லோஞ்ச்’ செய்வர். கட்டி முடித்த கப்பலை நீரிலே தள்ளிவிடுவதற்கும் அதுவே சொல். வேலைக்குப் புதிதாக வந்தவன் ‘கயிறுகளைக் கற்கிறான்’. பாய்க்கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை ஆட்டும் என்று அறிந்தவனன்றோ மாலுமி!

திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் வாழும் எமக்கு இச்சொற்கள் அந்நியமானவை அல்ல. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறையைப் பிரித்தானியர் பறித்த நாள்தொட்டு, 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்த நாள்வரை, ஆங்கிலமே இங்கு கட்டளையின் மொழி. இன்றோ அது பிழைப்பின் மொழி. ஆதலால் நாமும் சனசமூக நிலையமொன்றில் மாலை வேளைகளில் இளைஞர்க்கு அதனைக் கற்பித்து வருகிறோம்.

‘புதிய இலையைப் புரட்டுதல்’ என்ற மரபுத்தொடரைச் சொன்னதும் வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. அவர்கள் நினைத்தது வாழையிலையை! இலை என்பது இங்கே புத்தகத்தின் தாள். பழைய நடத்தையைக் கைவிட்டுத் திருந்தி வாழ்தலே பொருள் என்று விளக்கினோம். நம் மொழியிலும் ஏடு என்பது ஓலைதானே? விசயதசமியன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத் தொடரிலே மனிதன் தன்னந்தனியே தாளைப் புரட்டுகிறான். ஏடு தொடக்கலிலோ, பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறார். சித்திரைப் புத்தாண்டின் கைவிசேடமும் மூத்தவர் கையிலிருந்தே வருகிறது. தொடக்கம் என்றால் பிறர் கை ஒன்று நம் கையைப் பற்றுதல் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர்.

அடுத்து வந்தது ‘துடைத்த சிலேட்டு’. அங்கே மதுச்சாலைகளில் கடனைச் சிலேட்டில் எழுதும் வழக்கம் இருந்தது. கடன் தீர்ந்தால் துடைப்பர். பழையன யாவும் நீங்கிய புதுத் தொடக்கம் என்பது இதன் கருத்து என்றோம். கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து கேட்டான்:

“சேர், கடன் எழுதின கொப்பி சம்மாட்டியாரிட்ட கிடக்கு. நாங்கள் எந்தச் சிலேட்டைத் துடைக்கிறது?”

கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் இளைஞனும், பக்கத்திலிருந்த சிங்கள இளைஞனும் தலையசைத்தனர். முற்பணக் கடன் மொழி பார்த்தா வருகிறது?

அக்கேள்வி எம்மைப் பழைய நாட்களுக்கு இட்டுச்சென்றது. கடற்படைத் தளம் கைமாறியது, சுதந்திர நாட்டின் பெருமைக்குரிய புதிய தொடக்கம்; ஐயமில்லை. ஆனால் தளம் மூடப்பட்டதால் 400க்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வாழ்விழந்தனர். அவர்களைப் பொலன்னறுவை மாவட்டத்தில் குடியேற்ற அரசு எண்ணியது. ஏற்கெனவே 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தால் புண்பட்டுக் கிடந்த நாடு இது. குடியேற்ற யோசனைக்கு அங்கே எதிர்ப்பு மூண்டது. 1958 மே மாதத்தில் அம்மாவட்டத்திலே வெடித்த வன்செயல் நாடெங்கும் பரவிற்று. ‘கீறலிலிருந்து தொடங்குதல்’ என்றும் ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் எவ்விதச் சலுகையும் பெறாதவன் நிற்கும் கோடே அந்தக் கீறல். அத்தொழிலாளர்க்குச் சலுகை வேண்டாம். நிற்பதற்கு அந்தக் கோடாவது கிடைத்ததா?

2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும், இத்தகைய சொற்களைக் கூட்டந்தோறும் கேட்டோம். பழையதை மறந்து புதிதாய்த் தொடங்குங்கள் என்றனர். மறக்கச் சொல்வது எளிது. இழந்தவனின் கணக்கைக் கேட்டு எழுதுவதல்லவா அரிது!

சிலேட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பாய்க்கப்பல்களில் காவல் முறைக்காரன் கப்பலின் திசையையும் வேகத்தையும் முதலில் பலகையிலோ சிலேட்டிலோ குறிப்பான். அக்குறிப்புகள் நாள்தோறும் கப்பலின் நாளேட்டில் பெயர்த்தெழுதப்படும். அதன் பின்னரே சிலேட்டைத் துடைப்பர். கடந்து வந்த தூரம் ஏட்டில் ஏறாவிடில், கப்பல் எங்கே நிற்கிறதென்பதை எவன் அறிவான்? எந்தத் திசையில் செலுத்துவான்?

மறுநாள் வகுப்பில் இதனையே சொன்னோம். ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் சொற்களுக்குள் உழைத்த மாலுமிகளின் அறிவும் உறைந்து கிடக்கிறது. ஆனால் சிலேட்டைத் துடைக்க எவரேனும் முன்வந்தால், “ஏட்டில் எழுதியாயிற்றா?” என்று முதலில் கேளுங்கள். வேலையிழந்தோரின் கணக்கும், வீடிழந்தோரின் கணக்கும், சம்மாட்டியின் கொப்பியிலுள்ள கணக்கும் எல்லாரும் பார்க்கும் ஏட்டில் ஏறட்டும். அவ்வேட்டைத் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் ஒருவர் கையை ஒருவர் பற்றி எழுதும் நாளே இத்துறைமுகத்தின் மெய்யான ஏடு தொடக்கல்.