கூரையில் இடம் பிடித்த பிள்ளைகள்

 

இரண்டு வாரமா அன்னதானக் கூடத்துல எங்களைக் காணோமேன்னு விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. பள்ளி விடுமுறையில், லீட்ஸில் படிக்கும் மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தோம். போன இடமெல்லாம் சொன்னா பதிவு நீண்டுடும். யார்க் என்ற பழைய நகரத்தில் நிதானமா சுற்றிய ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுறோம். அதுல நம்ம கோவிலுக்கும் ஒரு சேதி இருக்கு.

லீட்ஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். காலையில் பசியாறிட்டு, புளிச்சோறு கட்டிக்கிட்டு கிளம்பினோம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே பழைய கோட்டை மதில். கி.பி. 71-இல் ரோமானியர் படைமுகாம் அமைத்த ஊர் இது. இப்போ நிற்கும் மதிலில் பெரும்பகுதி அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. மொத்தம் 3.4 கிலோமீட்டர். மேலே ஏறி நடக்கலாம், கட்டணம் கிடையாது. எங்க முழங்காலுக்குப் பாதி தூரமே போதும்னு ஆயிடுச்சு. ஆனா அந்த மதில் மேலிருந்து பார்த்தப்போ, வீடுகளுக்கு மேலே யார்க் மின்ஸ்டர் தேவாலயம் எழுந்து நின்னது. ஊருக்கு நடுவில் கோபுரம் தெரிந்தால் நமக்குக் கை தானாகக் கூப்புமே, அப்படி ஒரு காட்சி.

மதியம் ஷாம்பிள்ஸ் என்ற குறுகிய தெருவுக்குப் போனோம். ஒரு காலத்தில் முழுக்க இறைச்சிக் கடைகளாம். மாடிகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, எட்டிக் கை நீட்டினால் எதிர்வீட்டைத் தொடலாம் போல இருக்கு. இறைச்சி மாட்டிய கொக்கிகள் சில கடைகளில் இன்னும் அப்படியே. இப்போ இனிப்பும் நினைவுப் பொருளும் விக்கிறாங்க. சைவக்காரங்க நாங்க நிம்மதியா நடந்தோம்.

இனி மகன் கதை. படிவம் இரண்டு படிக்கிறான். சின்ன வயசுல அன்னதானத்துக்கு வாழை இலை போட்டவன், தண்ணீர் ஊத்தினவன். இப்போ ஒரு வருஷமா கோவிலுக்கு வந்தா காரிலேயே கைப்பேசியோட உட்கார்ந்திருப்பான். இது எங்க வீட்டுல மட்டும் இல்லைன்னு பல பெற்றோருக்குத் தெரியும். தேவார வகுப்புக்கு ஆறாம் ஆண்டு வரை வந்த பிள்ளைகள், இடைநிலைப்பள்ளி போனதும் காணாமல் போறாங்க.

மின்ஸ்டருக்குள்ளேயும் அவன் கைப்பேசியோடதான் நுழைந்தான். ஏறக்குறைய 250 வருஷம் கட்டி 1472-இல் முடித்த ஆலயம் அது. எங்களைச் சுற்றிக் காட்டியவர் சம்பளம் வாங்காத தொண்டர், வயசான ஐயா ஒருவர். நம்மைப் போலத்தான், கழுத்துல ஒரு பட்டை, முகத்துல ஒரு பெருமை. தெற்குப் பக்கத்தில் நிறுத்தி, 1984-ஆம் ஆண்டு ஜூலை 9 விடியற்காலையில் அங்கே தீப்பிடித்த கதையைச் சொன்னார். மின்னல் தாக்கியிருக்கணும்னு சொல்றாங்க. நெருப்பு நடுக்கோபுரத்துக்குப் பரவக்கூடாதுன்னு, எரியும் கூரையைத் தீயணைப்பு வீரர்களே தண்ணீரைப் பாய்ச்சி விழ வைத்தாங்களாம். அங்கிருக்கும் ரோஜா வடிவச் சன்னலில் ஆயிரக்கணக்கான விரிசல். ஆனாலும் கண்ணாடி விழவில்லை.

நாலு வருஷத் திருப்பணி. 1988-இல் வேலை முடிந்தது. நம்ம மண்டபக் கூரை நடுவில் தாமரை செதுக்குவோம் இல்லையா, அதுபோல அங்கே கூரை வளைவுகள் கூடும் இடங்களில் மரத்தில் செதுக்கிய வட்டங்கள் இருக்கு. அவற்றில் ஆறு வட்டங்களுக்குப் பிள்ளைகளே படம் வரைந்து கொடுத்திருக்காங்க! புளூ பீட்டர் என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடு முழுக்கப் போட்டி வைத்து, வென்ற ஆறு படங்களைச் சிற்பிகள் செதுக்கிக் கூரையில் ஏற்றினாங்க. ஒன்றில் நிலாவில் மனிதன் முதல் அடி வைக்கிறான். இன்னொன்றில் திமிங்கலம். இன்னொன்றில் கடலடியிலிருந்து தூக்கிய பழைய போர்க்கப்பல்.

"நிலாவா? சர்ச்சுலயா?" என்று கேட்டான் மகன். கைப்பேசியை மேலே தூக்கி, படத்தைப் பெரிசாக்கித் தேடினான். கண்டுபிடிச்சதும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மாலை வழிபாட்டுக்குப் பின்வரிசையில் அமைதியா உட்கார்ந்தோம். பாடியவர்களில் சிறுவர் சிறுமியர் பலர். இவனைவிடச் சின்னவங்க. யாரும் அவங்களைப் படம் பிடிக்கலை, கைதட்டலை. அது அவங்க வேலை, செய்றாங்க. அவ்வளவுதான். அந்த ஆலயத்துக்குச் சொந்தக் கல்தச்சர்களும், அவங்களிடம் தொழில் பழகும் இளையவங்களும் இருக்காங்கன்னு அந்த ஐயா சொன்னதும் அப்போ நினைவுக்கு வந்தது.

திரும்பும் ரயிலில் மகன் கேட்டது இதுதான்: "நம்ம கோவில்ல பிள்ளைங்க செஞ்சதுன்னு காட்ட ஏதாவது இருக்காப்பா?" நவராத்திரிக்குப் பிள்ளைகள் போடும் கோலம் மறுநாள் அழிஞ்சிடும். மற்றபடி சொல்ல எதுவும் இல்லை.

அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணி பற்றி நிர்வாகத்தில் பேச்சு நடக்குது. கோபுரமும் கருவறையும் ஆகமப்படி ஸ்தபதி செய்ய வேண்டியவை. அதில் நாம் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனா அன்னதானக் கூடத்தின் நீளச் சுவர் வெறுமனே இருக்கு. நாயன்மார் கதைகளைப் பிள்ளைகளே வரையட்டும், நல்ல ஓவியரை வைத்து அதைச் சுவரில் ஏற்றலாம் என்று தலைவரிடம் கேட்டிருக்கோம். இன்னும் முடிவாகலை. பதின்ம வயசுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நிரந்தரப் பொறுப்பு கொடுக்கணும்னும் கேட்டிருக்கோம்: ஒலிபெருக்கி, செருப்பு வைக்குமிடம், விளக்குக்கு எண்ணெய், எதுவானாலும் சரி. "ஓரமா உட்காரு, சத்தம் போடாதே" என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை எத்தனை வருஷம் உட்காரும், சொல்லுங்க?

மகன் மாறிட்டான்னு சொல்ல மாட்டோம். போன வெள்ளிக்கிழமையும் காரில்தான் இருந்தான். ஆனா கண்ணப்பர் கதையை ஒருமுறை முழுசா சொல்லச் சொன்னான். நோட்டில் ஏதோ வரைஞ்சுக்கிட்டு இருக்கான், காட்ட மாட்டேங்கிறான்.

வரும் சனிக்கிழமை காலை கோவில் கோத்தோங் ரோயோங்குக்கு வரும்போது பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. சுவர் ஓவியம் பற்றி உங்க கருத்தைத் தலைவரிடம் நேரிலும் சொல்லுங்க. நாலு குடும்பம் கேட்டால் ஒரு பேச்சு, நாற்பது குடும்பம் கேட்டால் முடிவு.

சிவ சிவ.