பாஸ் பட்டன் இல்லாத ஆட்டம்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு முன் பிள்ளைகளை வெளியே அனுப்ப வழியில்லை. இரவு சாப்பிடக் கூப்பிட்டால் மூத்தவன், "அஞ்சே நிமிஷம்மா, மேட்ச் ஓடுது" என்கிறான். என்னதான் அந்த மேட்ச் என்று இன்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். துப்பாக்கி பொறுக்குகிறார்கள். சுற்றியிருக்கும் வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டுகிறார்கள். நடுவில் நிறுத்திவைக்கப் பட்டனே கிடையாது. பாதியில் போனால் ரேங்க் இறங்கும். ஸ்குவாடில் இருக்கும் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். மூன்று பேரும் இதே தெருப் பையன்கள். நாளைக் காலை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே! இட்லி ஆறினால் ஆறட்டும் என்றுதான் எந்தப் பையனும் நினைப்பான்.

மே 6, செவ்வாய்

லால்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். சின்னவள் டேப்லெட்டில் மைன்கிராஃப்ட் வயலைக் காட்டினாள். நடுவில் ஒரே ஒரு கட்டம் தண்ணீர்; நான்கு பக்கமும் நாலு கட்டம் வரை மண் ஈரமாகும். "ஒன்பது ஒன்பது எண்பத்தொண்ணு, தண்ணி கட்டத்தைக் கழிச்சா எண்பது கட்டத்துல கோதுமை, தாத்தா." மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறது. "வாய்க்கா வெட்டாமலே பாயுதா? எங்க ஊருக்கும் இதைக் கொண்டாம்மா" என்றார் அப்பா. ராத்திரியிலும் பயிர் வளர வயலோரம் பந்தம் நட்டிருந்தாள். ராத்திரியில் எப்படி வளரும் என்று அதற்கும் ஒரு சண்டை. சாப்பிடக் கூப்பிட்டதும் அப்படியே வைத்துவிட்டு வந்தாள். தனியாக ஆடுகிறாள்; வயல் எங்கேயும் ஓடிப்போகாது.

மே 10, சனி

நாத்தனார் வந்து அரை மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அண்ணி, இவனுக்கு அடிக்‌ஷன்தான்."

எனக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறும் இருப்பது உண்மை. ஆனால் அதன் வரையறை கறாரானது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போக வேண்டும், மற்றதெல்லாம் பின்னுக்குப் போக வேண்டும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் விட முடியாமல் இருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது இது நீடித்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் சாப்பாட்டுக்குத் தாமதமாக வருவது அதில் சேராது. அப்படி உண்மையிலேயே சிக்கியவர்களுக்காகத்தான் பெங்களூரு நிம்ஹான்ஸில் தனி கிளினிக்கே நடக்கிறது.

நாத்தனாரிடம் சொல்லாத ஒன்று: ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர் இருவரும் 2003-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வில், பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்கியது சுடும் ஆட்டம்தான், சாதுவான டெட்ரிஸ் அல்ல. சோதித்தது பெரியவர்களை என்பதையும் சொல்ல வேண்டும். கண் எவ்வளவு வேகமானாலும் அறிவியல் நோட்டு தானாக நிரம்பாது என்பது என் அனுபவம்.

கண் என்றதும் இன்னொன்று. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. வெளியே பகல் வெளிச்சத்தில் ஆடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. ஐந்து மணிக்கு இரண்டு பேரும் தெருவில் இருக்க வேண்டும், அதில் பேரமில்லை.

மே 14, புதன்

மூத்தவன், ஆட்டத்துக்குள் காசாகச் செல்லும் டைமண்டுக்கு டாப்-அப் கேட்டான். எவ்வளவு ரூபாய் என்றால் டைமண்டில்தான் பதில் வருகிறது. திரையில் ஒரு சக்கரம். சுற்றினால் துப்பாக்கிக்குப் புதுச் சட்டை விழலாம், விழாமலும் போகலாம். இது திருவிழாக் கடையில் வளையம் வீசுகிற சமாச்சாரம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் 18 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது, நள்ளிரவு முதல் காலை 5 வரை உள்ளே விடக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025-ல் விதி வந்தது. 'இலவச' ஆட்டத்துக்குள் சுழலும் சக்கரத்தை யார் கேட்பது? நான் பயப்படுவது துப்பாக்கிக்கு அல்ல, இந்தச் சக்கரத்துக்கு. பிளே ஸ்டோரில் எதை வாங்கவும் என் கடவுச்சொல் வேண்டும் என்று மாற்றிவிட்டேன்.

மே 17, சனி

புது ஏற்பாடு: கடிகாரம் வேண்டாம், மேட்ச் கணக்கு. தோசைக்கல் அடுப்பில் ஏறும்போதே குரல் கொடுப்பேன். ஓடுகிற மேட்சை முடிக்கலாம், அடுத்ததில் இறங்கக் கூடாது. இரண்டு நாளாக நடக்கிறது. "சனிக்கிழமை மட்டும் எக்ஸ்ட்ரா ஒண்ணும்மா" என்றான். கொடுத்தேன்.

மைக் விஷயம்தான் பாக்கி. ஹெட்போனைக் கழற்றியபோது முன்பின் தெரியாத ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. "அவன் எப்பவும் அப்படித்தாம்மா" என்கிறான் இவன், வானிலை சொல்வதுபோல. தெருப் பையன்கள் மூன்று பேரோடு மட்டும் மைக் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன்களின் அம்மாக்களிடமும் நாளை பேச வேண்டும்.