காலி இடம்

உபகாரம் செய்யப் புறப்பட்டு அபகாரத்தில் முடிந்த கதை ஒன்று சொல்கிறேன்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஒரு நாள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், "சித்தப்பா, இந்தப் புரோகிராமை என் சிநேகிதிக்கு அனுப்பிடுங்க. நாளைக்கு அவள்தான் வகுப்பிலே காட்டணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

திரையைப் பார்த்தேன். ஒரு வரி ஓரத்தில். அடுத்தது சற்று உள்ளே. மூன்றாவது அதற்கும் உள்ளே. பிறகு ஒன்று திடீரென்று வெளியே. இருபது வருஷம் புரூஃப் திருத்திய கை சும்மா இருக்குமா? எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தி அனுப்பி வைத்தேன்.

அது பைத்தான் பாஷை. ஹாலந்துக்காரரான கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டது. வேறு பல கம்ப்யூட்டர் பாஷைகளில் எந்த வரி எதற்குள் அடக்கம் என்பதை அடைப்புக்குறி காட்டும். இதிலோ, வரிக்கு முன்னால் விடுகிற காலி இடமே காட்டுகிறது. வழக்கமாக நான்கு இடம். நான் துடைத்து எறிந்தது குப்பை அல்ல, இலக்கணம்!

சிநேகிதியிடம் போனதும் புரோகிராம் ஓட மறுத்தது. பாவம், அந்தப் பெண் இரவெல்லாம் விழித்து, ஊகத்தினால் வரிகளை உள்ளே தள்ளியிருக்கிறாள். ஓடிவிட்டது; அதுதான் வினை. விடுதியின் முப்பது நாள் சாப்பாட்டுச் செலவையும் கூட்டி முடித்த பிறகு விடை சொல்ல வேண்டிய கடைசி வரி, நான்கு இடம் உள்ளே போய், கூட்டும் சுற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. முதல் நாள் கணக்கோடு விடையைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. வகுப்பு சிரித்தது. ஆசிரியர் அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டார்.

"அவள்தான் கெடுத்தாள், சித்தப்பா. இனிமேல் அவளோடு பேசவே மாட்டேன்" என்று வந்து நின்றாள் அண்ணன் மகள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இரண்டு பெண்களின் சிநேகிதம் போய்விடும். உண்மையைச் சொன்னேன்.

அவள் சற்று நேரம் என்னையே பார்த்தாள். "உங்க கதையிலே 'பலகை'யை யாராவது 'பல கை' என்று அச்சடிச்சா விடுவீங்களா?" என்று கேட்டாள். விடமாட்டேன் என்பது எங்கள் அச்சுக்கூடத்துக்கே தெரியும்.

உடனே சிநேகிதிக்குப் போன் செய்தாள். நானும் வாங்கி மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்தக் காலி இடத்தை நிரப்ப நான் முயலவில்லை.